அம்மாவின் துணையாக வாழ்ந்த என் பெரியம்மா

பெரியம்மா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவுக் கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர்களைக் கம்பெனியில் கண்டிப்பான சூப்பர்வைசராகத்தான் தெரியும். வீட்டில் அவர்கள் யாராக இருந்தார்கள் என்பதை நான்தான் எழுத வேண்டும்.

திருப்பத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பெரியம்மா பிறந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது முறை மறுத்தபோது அண்ணன் கை நீட்டிவிட்டார். மறுநாள் காலையே ஆம்பூருக்குப் பஸ் ஏறி, ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது.

ஒருநாள் மிஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்டது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் அம்மா. அப்பா அம்மாவை விட்டுப் போய்விட்டிருந்த நேரம்; நான் ஆறு மாதக் குழந்தை. காயம் ஆறிய பிறகும் மூன்று வாரம் பெரியம்மா கட்டுப் போட வந்தார்களாம். அம்மாவும் சளைக்காமல் போட்டுவிட்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் இருவரும் சிரிப்பார்கள்.

சேர்ந்து வாழ முடிவு செய்தபோது வீடு கிடைக்கவில்லை. அக்கா, தங்கை என்று பொய் சொல்லித்தான் வாடகைக்கு வந்தார்கள். அம்மா புராட்டஸ்டண்ட் என்பது அப்போது இருவருக்கும் நினைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு திசையில் கிளம்பியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மா, "அக்கா தங்கச்சின்றீங்க, ஒருத்தரு இந்த சர்ச்சு, ஒருத்தரு அந்த சர்ச்சு. இன்னா கதை இது?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து பெரியம்மா பூசைக்குப் போகவில்லை. அம்மாவோடு அம்மாவின் கோயிலுக்கு வந்தார்கள். கடைசிவரை, பதினாறு வருடம் அப்படியே போனது. அதைப் பற்றி அவர்கள் குறை சொன்னதில்லை. ஜெபமாலையை மட்டும் விடவில்லை.

அம்மாவுக்கு டூட்டி மாறி மாறி வரும். அதனால் எனக்குத் தலை பின்னியதும், வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் பெரியம்மாதான். அவர்கள் பின்னினால் கண் இழுத்துக்கொள்ளும். கோபமும் கொஞ்சம் அதிகம். அம்மாவோடு சண்டை என்றால் இரண்டு நாள் பேச மாட்டார்கள். "குழம்புல உப்பு ஜாஸ்தின்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார்கள், அம்மா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. நானும் திரும்பி நின்று சொல்வேன்.

பத்தாம் வகுப்பில் கூடப் படித்த ஒரு பெண் அவர்கள் இருவரையும் பற்றி ஏதோ கேட்டுவிட்டாள். நான் வந்து, "நீங்க அம்மாவுக்கு யாரு?" என்று பெரியம்மாவையே கேட்டேன்.

"கல்யாணம் கட்டிக்கினவங்க எப்படியோ அப்படித்தான்மா நாங்க. உனக்கு கஷ்டமா இருந்தா சொல்லு. கம்பெனிகிட்ட ரூம் பாத்துக்கிறேன்."

ஒரு நாள் முழுக்க நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்தால், பெட்டியில் துணிகளை அடுக்கி மூடி வைத்திருந்தார்கள். "போவாதீங்க பெரிம்மா" என்று அழுதேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு பெரியம்மாவுக்கு வயிற்றில் புற்று வந்தது. ஏழு மாதம் அம்மாதான் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி தாள்களில் உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்றே எழுதினார்கள். கடைசி வாரம் செய்தி தெரிந்து பெரியம்மாவின் அண்ணன் வந்தார். டாக்டர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "எனக்கு ஒரே தங்கச்சி சார். இவங்க சொந்தம் இல்ல" என்றார். இத்தனை வருடம் எங்களுக்குக் கூரையாக இருந்த பொய் அந்த இடத்திலேயே முடிந்தது. அம்மா வெளியே வந்து நின்றார்கள்.

உடலைச் சொந்த ஊருக்கு எடுத்துப் போனார்கள். பூசையில் எங்கே எழுந்து நிற்க வேண்டும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் அம்மா கடைசி பெஞ்சில் தடுமாறினார்கள். கல்லறையில் மண் போட உறவினரை மட்டும் அழைத்தார்கள். பங்குத்தந்தைதான் கவனித்து, "அவங்களும் போடட்டும்" என்றார். அம்மா போட்ட பிறகு நானும் போட்டேன்.

முப்பதாம் நாள் நினைவுக்கு அண்ணன் வீட்டார் நன்றி அட்டை அச்சிட்டிருந்தார்கள். டாக்டருக்கும் வேன் டிரைவருக்கும் நடுவில், 'உடனிருந்து உதவிய நர்ஸ் அம்மாவுக்கும்' என்று இருந்தது. கெட்ட எண்ணத்தில் போட்டதில்லை என்று நம்புகிறேன். அம்மா அதைப் படித்துவிட்டு, மடித்து பைபிளுக்குள் வைத்தார்கள். அன்று சாப்பிடவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவங்க இருந்தா திட்டுவாங்க. ஆனா போடு" என்றார்கள்.

வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், இரண்டு முறை ரத்தம் கொடுத்த கம்பெனிப் பெண்களுக்கும், எல்லாம் தெரிந்தும் எங்களைக் காலி செய்யச் சொல்லாத வீட்டுக்கார அம்மாவுக்கும், மண் போடச் சொன்ன பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி.

அம்மாவுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. துணையைப் பறிகொடுத்தவரிடம் யாரும் நன்றி சொல்வதில்லை, துக்கம்தான் விசாரிப்பார்கள். இந்த ஓராண்டில் ஒருவர்கூட அம்மாவிடம் துக்கம் விசாரிக்கவில்லை. வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். போகும்போது தயவுசெய்து அவர்கள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.