சிவப்பியின் பல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் உமிழ்நீரை எடுத்துவிட்டார்கள். நோர்வேயின் மேற்குக் கரையில், மழை ஓயாத ஒரு நகரத்தில், குற்றங்களை ஆராயும் ஆய்வுகூடம் அது. களவு போன காரின் ஆசனம், வெட்டு விழுந்த சட்டை, ஆற்றோரத்தில் கிடந்த எலும்பு என்று எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். தவறிப்போய் அவற்றில் என் தலைமயிர் விழுந்தால், அது என்னுடையது என்று இயந்திரம் கண்டுபிடித்து என்னைக் கழித்துவிட வேண்டும். அதற்காகத்தான் என் மரபணுவைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. நான் ஒவ்வொரு காலையும் முகமூடியைக் கட்டும்போது நினைப்பேன். இலங்கைப் போரில் காணாமற்போன என் அண்ணாவைத் தேடுவதற்கென்று இத்தனை வருடங்களில் என்னிடம் யாரும் ஒரு துளி உமிழ்நீர் கேட்டதில்லை.

என் பகுதிக்குப் பொறுப்பாக இருப்பவர் தூருன் என்ற பெண். கூர்மையான மூளை, மெல்லிய குரல். குளிர்நாட்டு மண்ணில் எலும்பு நெடுங்காலம் கெடாது. வெயிலும் மாரியும் மாறி மாறி அடிக்கும் எங்கள் மண்ணில் மரபணு சீக்கிரம் சிதைந்துவிடும். சிதைந்த எலும்பிலிருந்தும் அதை மீட்கக்கூடிய, வசதி குறைந்த ஆய்வுகூடங்களும் செய்யக்கூடிய ஒரு முறையைத் தூருன் உருவாக்க விரும்பினார். இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தார். முதற்கட்டத்துக்கு மட்டும் நிதி கிடைத்தது. மனித எலும்பென்றால் நீதிமன்றம், பொலிஸ், அமைச்சு என்று வருடக்கணக்கில் இழுபடும். ஆகவே முதலில் மிருக எலும்பு. அதே மண்ணில், போர் நடந்த அதே காலத்தில், யாரோ குழியில் தாட்டு வைத்து, இடமும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் மதியம், வீட்டிலிருந்து கட்டிவந்த பாண் துண்டை, அதை மாட்பாக்கே என்பார்கள், பிரித்தபடி தூருன் கேட்டார்: “உங்கள் ஊரில் மாடு செத்தால் புதைப்பார்களா?”

“சில பேர்,” என்றேன்.

எனக்கு ஒரு மாட்டைத் தெரியும். போரின் கடைசி மாதங்களில், அண்ணா யாரிடமோ கெஞ்சி வாங்கிய தொலைபேசியில் ஒருமுறை எனக்கு அழைப்பெடுத்தார். நான் அப்போது கல்யாணமாகி நோர்வேக்கு வந்து சில வருடங்கள். இரைச்சலுக்கு நடுவே அவர் சொன்னதெல்லாம் சிவப்பியைப் பற்றித்தான். சிவப்பி அவருடைய பசு. “ஷெல் பட்டு சிவப்பி செத்துப்போச்சு. வளவுக்கையே தாட்டுப்போட்டன். அப்பிடியே விட்டிட்டு வெளிக்கிட மனம் வரேல்லை.” அம்மா எப்படி, அண்ணி எப்படி என்று நான் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதன் பிறகு அவருடைய குரலை நான் கேட்கவில்லை. அம்மாவோடும் அண்ணியோடும் கடலோரம் வரை போனவர், சனத்துக்குள் அம்மாவுக்குத் தண்ணீர் தேடிப் போய்த் திரும்பவில்லை. அம்மாவும் அண்ணியும் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா சில வருடங்களுக்கு முன் போய்விட்டார். அண்ணாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய இரத்தமென்று இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

அண்ணிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து வாழ்கிறவர் அவர். மெஷின் ஓடும் சத்தம் நின்றது. “மாட்டு எலும்பு அவைக்கு என்னத்துக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “பிறகு ஆக்களின்ரையும் பாப்பினமோ?” என்றார். “அதுக்கு வேற காசு கிடைக்க வேணும்,” என்றேன். “சரி, வாங்கோ,” என்றார்.

போனோம். நானும் தூருனும் கனகராயன்குளத்தில் வானை நிறுத்தித் தேநீர் குடித்தோம். மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் தாண்டி, ரியூசன் விட்டு வந்த பிள்ளைகளின் சைக்கிள்களுக்கு வழிவிட்டு புதுக்குடியிருப்பில் அண்ணியின் வீட்டு வளவுக்குள் இறங்கினோம். பல்கலைக்கழகத்தார் அனுமதிகளையெல்லாம் முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்த வளவு. கிணறு புதிது, வீடு மீள்குடியேற்றத் திட்டத்தில் கட்டிக் கொடுத்தது. ஏதாவது தோன்றும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டேன்.

அண்ணி வேலியோரம் ஒரு இடத்தைக் காலால் காட்டினார். அங்கே எதையும் நட்டிருக்கவில்லை. தோண்டுவதற்கு முன்பு தூருன் தன் கேள்விகளைத் தொடங்கினார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

“யார் புதைத்தது?”

“சொல்லன், உன்ர கொண்ணர்தான் எண்டு,” என்றார் அண்ணி.

“இவருடைய கணவர்,” என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் என் அண்ணா என்பதைத் தூருனிடம் அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. உறவினர் வீடு என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

“அப்படியானால் அவரோடு பேச வேண்டும். எவ்வளவு ஆழம், சுண்ணாம்பு ஏதும் போட்டாரா என்று.”

“அவர் வீட்டில் இல்லை.”

தூருன் சிரித்தார். “அவசரமில்லை. வரும்வரை காத்திருக்கலாம்.”

“என்னவாம்?” என்றார் அண்ணி.

“அண்ணா வருமட்டும் இருக்கிறாவாம்.”

அண்ணி தூருனை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “இருக்கட்டும்,” என்றார். “வெய்யிலுக்கை நிக்க விடாதை. உள்ளை கதிரை கிடக்கு, எடுத்துக் குடு.”

நான் கதிரையை எடுத்து வந்து போட்டேன். தூருன் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அண்ணி தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். தூருன் ஆறுதலாகக் குடித்து முடித்தார். பிறகு நான்தான், அவர் இன்றைக்கு வரமாட்டார், தொடங்கலாம் என்றேன்.

மேல் மண்ணைக் கூலிக்கு வந்தவர் வெட்டிக் கொடுத்தார். எலும்பு தெரிந்ததும் நான் இறங்கினேன். சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை விலக்குவது எனக்குக் கைவந்த வேலை. விலா, முதுகு, பின்னங்கால்கள். பின்னங்கால்களைச் சுற்றி ஒரு நீல நைலோன் கயிறு. குழிவரை இழுத்து வருவதற்குக் கட்டியது. எல்லாம் உக்கிப்போக அது மட்டும் அப்படியே இருந்தது, முடிச்சும் அப்படியே.

அண்ணி குழியின் விளிம்பில் குந்தினார். “அவர் இப்பிடித்தான் முடியிறவர்,” என்றார். “ஆராலும் அவிழ்க்கேலாது. எனக்கு அதாலை எத்தினை நாள் கோவம் வந்திருக்கு.”

தூருன் என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

“கயிறு தனக்கு வேண்டுமாம்.”

“எனக்குப் பல் போதும்,” என்றார் தூருன். நான் கயிற்றை எடுத்து அண்ணியிடம் நீட்டினேன். அண்ணி அதை முடிச்சோடு வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் தாடையிலிருந்து பற்களைக் கழற்றிப் பைகளில் இட்டு எண் எழுதினேன்.

திரும்பும் வழியில் வானுக்குள் தூருனிடம் சொன்னேன். அந்தக் கணவர் என் அண்ணா என்றும், எங்கே இருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது என்றும். தூருனின் முகம் சிவந்தது. சாவீட்டில் சொல்வதற்கு நோர்வேஜியர்களிடம் ஒரே ஒரு சொல் இருக்கிறது, கொண்டொலேரர். அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டார். செத்துவிட்டார் என்று நான் சொல்லவில்லையே. அவர் நிறுத்தியது எனக்குப் பிடித்தது. “நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்,” என்றார் கொஞ்சம் கழித்து. “அண்ணிதான் குடுக்கச் சொன்னவா,” என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் விளக்கம் கேட்கவில்லை.

பல் பேசியது. தூளாக்கி, கழுவி, இயந்திரத்தில் இட்டபோது முழுமையான மரபணுக் கோலம் வந்தது. ஆய்வுகூடத்தில் கேக் வெட்டினார்கள். தூருன் இரண்டாம் கட்டத்துக்கு, மனித எலும்புக்கு, விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினார். என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். ஆய்வுக் குழுவில் இருப்பவர் காணாமற்போனவரின் உறவினராக உமிழ்நீர் மாதிரி கொடுக்க முடியாது, உறவினராகக் கொடுத்தவர் குழுவில் இருக்க முடியாது, இரண்டில் ஒன்று என்றார். “ஏற்கெனவே என்னுடையது இங்கே இருக்கிறதே,” என்றேன். அது வேறு தேவைக்கு எடுத்தது, தொடவே கூடாது என்றார். சரியான விதிதான். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

“குடும்பம்,” என்றேன். என் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்.

நிதி கிடைக்கவில்லை. வேலை சிறந்தது, ஆனால் இந்தச் சுற்றில் இடமில்லை என்று பதில் வந்தது. அதே மாதம் எங்களுக்கு வேறொரு நிதி வந்தது. வளர்ப்புப் பண்ணையிலிருந்து தப்பி ஆற்றுக்குள் போகும் லக்ஸ் என்னும் சால்மன் மீன்கள் எந்தப் பண்ணையைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்கும் திட்டம். இப்போது என் மேசையில் மீன் செதில்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்குச் சொன்னபோது அவர் ஒன்றையே கேட்டார். “சிவப்பியின்ர எண்டு தெரிஞ்சுதோ?”

“பசுவெண்டு தெரிஞ்சுது.”

“அது எங்களுக்குத் தெரியும்தானே,” என்றார். பிறகு, “மிச்சப் பல்லை என்ன செய்வியள்?” என்றார்.

“எரிச்சுப்போடுவினம்.”

“வேண்டாம். அங்கினை எங்கையாவது தாட்டுவிடு.”

தூருனிடம் கேட்டேன். மாலையில் என் மேசையில் மிச்சப் பல்லோடு ஒரு சின்ன உறை இருந்தது, தூருனுடைய அறை பூட்டியிருந்தது. அப்போது மண் கல்லாக உறைந்திருந்தது. வசந்தம் வரும்வரை உறையைச் சமையலறை அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

சித்திரை கடைசியில், நான் இருக்கும் மாடிக் கட்டடத்தின் பின்னால், பேர்ச் மரத்தடியில் கரண்டியால் தோண்டினேன். கறுப்பு ஈர மண். கீழ்வீட்டுக் கிழவர் நாயோடு வந்து என்ன நடுகிறாய் என்று கேட்டார். பல் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: “தான்.” துலிப் பூவைச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் என் உச்சரிப்பைத் திருத்தினார்: “துலிபான்.” நானும் திருப்பிச் சொன்னேன்: “துலிபான்.” பிந்திவிட்டாய், அந்தக் கிழங்கை இலையுதிர் காலத்தில் நட வேண்டும், இந்த வருடம் முளைக்காது என்று கவலையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மண்ணை மூடிக் கையால் அமர்த்தினேன். சிவப்பி புதுக்குடியிருப்பிலும் அவளுடைய பல் இங்கேயுமாகக் கிடக்கின்றன. இரண்டு இடமும் எனக்குச் சரியாகத் தெரியும். யாராவது வந்து கேட்டால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.