ஆறு வீட்டுக்கு ஒரு மீற்றர்

அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக வேறு யார் தலையிலாவது பழியைக் கட்டிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அரசும் தனியாரும் பங்காளிகளாகச் சேர்ந்து சூரிய மின்சாரத்துக்கு எப்படி மாறலாம் என்பதுதான் எங்கள் ஆய்வு. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பரீட்சார்த்தமாக ஒரு திட்டம் வந்தது. கம்பனி கூரைகளில் சோலார் பனல் பூட்டும். குறைவாக மின்சாரம் பாவிக்கும் குடும்பங்களுக்கு அரசு தனி மீற்றரும் மலிவான மின்சாரமும் கொடுக்கும். அந்தக் குடும்பங்களைக் கண்டுபிடித்துப் பட்டியல் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் மீற்றர்கள் வரிசையாக இருக்கும், வீட்டுக்கு ஒன்று. தினமும் அவற்றைக் கடந்துதான் லிஃப்டுக்குப் போவேன். மீற்றர் இலக்கத்தையே குடும்பத்தின் அடையாளமாகப் படிவத்தில் வைத்தது அந்தப் பழக்கத்தில்தான். வேறு மாதிரியும் மனிதர்கள் இருப்பார்கள் என்று, இவ்வளவு படித்தும், எனக்குத் தோன்றவில்லை.

கொட்டாஞ்சேனைச் சந்து ஒன்றில் ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள். கடைசி வீட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் ஓர் அக்கா இருந்தார். மலையகத்திலிருந்து கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்தவர். மீற்றரைக் காட்டச் சொன்னேன். முதல் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய், இருட்டாக இருந்ததால் தன் போனில் லைட் அடித்துக் காட்டினார்.

“ஆறு வீட்டுக்கும் இது ஒண்ணுதான் மிஸ். மொத வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. பொழுதுபட்டு எல்லாரும் லைட்டு, ஃபேன் போட்டா ட்ரிப் ஆகும். அதனால ராத்திரில மெஷின் போடக்கூடாதுன்னுட்டாரு. பகல்ல மட்டும் தைச்சா கட்டாது, அதனால ஒரு வீட்டுல சமைக்கப் போறேன். அப்புறம் எப்ப தைக்கிறது?”

“தனி மீற்றர் கிடைச்சால்?”

“அந்த வேலைய விட்டுட்டு வீட்டுலயே தைப்பேன் மிஸ். பிள்ள ஸ்கூல் விட்டு வர்றப்ப வீட்டுல இருப்பேன்.”

“கிடைக்கும் அக்கா, யோசிக்காதேங்கோ” என்றேன். ஆய்வுக்குப் போகிறவர்கள் வாக்குக் கொடுக்கக்கூடாது. அவர் தந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே கொடுத்தேன்.

என் குறிப்புப் புத்தகத்தில் ‘ஆறு குடும்பம், ஒரு மீற்றர்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆனால் அலுவலகத்தில் அந்த இலக்கத்தை இரண்டாம் தடவை பதியப் போனபோது கணினி சிவப்பு எழுத்தில் மறுத்தது. ஓர் இலக்கம் ஒரு தடவைதான் வரலாம் என்ற விதியும் நான் போட்டதுதான். அதை மாற்றினால் எல்லாப் பதிவுகளையும் திரும்பப் பார்க்கவேண்டும். எங்கள் நிறுவனப் பணிப்பாளர் கதவடியில் நின்று, “முடிஞ்சுதா பிள்ளை?” என்று கேட்டார்.

“ஓம் சேர், இண்டைக்கே அனுப்பிடுவன்.”

அனுப்பினேன். ஆறு குடும்பங்கள் எரித்த மின்சாரம் ஒரே குடும்பம் எரித்ததாகப் போயிற்று. அந்த வீடு ‘அதிகம் பாவிப்போர்’ பக்கத்தில் விழுந்தது. தெரிந்துதான் அனுப்பினேன். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதை நினைக்க இப்போது கூசுகிறது.

பட்டியலை அறிவிக்கக் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மேடையில் அரச அதிகாரி, கம்பனி முகாமையாளர், நான். பெயர்களை வாசித்து முடித்ததும் அந்த அக்கா எழுந்தார்.

“மிஸ், நாங்க ஆறு குடும்பம், ஒரு மீற்றர்னு ஒங்ககிட்ட சொன்னேன்தானே?”

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘ஓம்’ என்ற ஒரு சொல் போதும். சொன்னால் பட்டியலைத் திரும்பத் திறக்கவேண்டும், படிவத்தைத் தயாரித்தது யார் என்று கேட்பார்கள். பக்கத்திலிருந்த அந்த இரண்டு பேருக்கும் முன்னால் நான் கெட்டிக்காரியாகவே இருக்கவேண்டும். அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

“எங்கட பதிவில அப்பிடி இல்லையே அக்கா” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் மைக்கில்.

அவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பணிப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம் என்றார். அறிக்கையின் பின்னிணைப்பில், ‘கூட்டு மீற்றர்கள் கவனத்திற்கொள்ளப்படவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தோம். கவனத்திற்கொள்ளாதது யார் என்று அந்த வரியில் இல்லை. இரண்டாம் கட்டம் இன்றுவரை வரவில்லை.

ஆனால் என்னை விடாமல் அரிப்பது கூட்டம் முடிந்த பிறகு நடந்ததுதான். வெளியே ஓட்டோவுக்காக நின்றபோது அந்த அக்கா என்னைத் தேடி வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன்.

“கோவிச்சுக்காதீங்க மிஸ்” என்றார். “அத்தன பேர் முன்னால ஒங்கள அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம். சொல்லாம விட்டிருப்பேன் போல.”

“பரவாயில்லை அக்கா” என்று அவரை மன்னித்துவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.