தடை சொல்ல எழுந்த தகப்பன்

போன வருஷம் என் மகளின் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்துக்குச் சரி சொன்னவனும் நான்தான். சாட்சி சொல்ல வந்தவன் இதை மறைக்கக் கூடாது.

நான் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மாஸ்டர். சண்டை எனக்கு ஆகாது. யாராவது குரலை உயர்த்தினால் அந்த இடத்தை விட்டு நழுவிவிடுவேன். பதுளைக்குப் போக வேண்டியவன், கொண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார் என்பதற்காக எதிர்ப்பக்கம் போகும் மொனராகலை பஸ்ஸில் பாதி தூரம் போயிருக்கிறேன். டிக்கெட்டும் எடுத்தேன். மனிதர்களை வகை வகையாகப் பிரிக்கும் புத்தகங்கள் என்னைப் போன்றவர்களைச் சமாதானப் பிரியர் என்கின்றன. வாசித்ததும் பெருமையாக இருந்தது. அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்துகிறவர்கள் படும் பாடு அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை அவசரமாகத் திருப்பிவிட்டேன்.

மகள் ஜெனிட்டாவுக்குப் பதுளையில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவியின் அண்ணன் வந்தார்.

"மொறப் பொண்ணு இருக்கையில வெளிய எதுக்கு மச்சான் தேடணும்? நம்ம பயலுக்கே முடிச்சிருவோம். அவனுக்குக் கொழும்புல கடை இருக்கு, இவ எதுக்கு ஊசி போடணும்?"

"செஞ்சிருவோம் மச்சான்" என்றேன்.

அவர் போனதும் ஜெனிட்டா வந்தாள். "எனக்கு வேணாம்பா. நான் படிக்கணும்."

"பார்ப்போம்மா" என்றேன்.

அவள் என் மகள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. போதகர் சம்மதம் கேட்டபோது தலையைக் குனிந்தாள். எல்லாரும் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். எனக்குத் தெரிந்து யாரும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் இருமலைக்கூட அடக்கிக்கொள்வோம்.

முதல் ஓலை வாசித்த பிறகு மகள் சாப்பாட்டைக் குறைத்தாள். பேச்சையும் குறைத்தாள். பயிற்சிக்குச் சேரும் நாள் நெருங்கியது. விட்டால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். எனக்குத் தூக்கம் போனது. மச்சானின் மனதை மாற்றும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். அது கஷ்டமென்றால் போதகருக்கு லேசாகக் காய்ச்சல் வரட்டும் என்றும் கேட்டேன். கடைசியில், தடை சொல்ல யாரையாவது எழுப்பும் என்று அழுதேன். என்னை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாம் ஞாயிறும் வந்தது. போதகர் நல்ல சுகத்தோடு வாசித்தார். தடை உண்டா என்றார். ஆண்டவர் அனுப்பும் ஆளைத் தேடிப் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் நான் நிற்பது எனக்குத் தெரிந்தது.

காணிக்கைத் தட்டு எடுக்கிறவன் நான். போதகர் மெதுவாக, "மாஸ்டர், காணிக்கை பாட்டுக்கு அப்புறம்" என்றார்.

"காணிக்கைக்கு இல்லீங்க ஐயா. தடைக்கு. புள்ளைக்கு விருப்பமில்லீங்க. சொல்ல எனக்குத்தான் தைரியம் இல்லாமப் போச்சு."

"நெசமாம்மா?" என்று போதகர் என் மகளைக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா" என்றாள் ஜெனிட்டா. அந்தக் குரல் கடைசி வரிசை வாங்கு வரை கேட்டது. போதகர் ஓலையை மடித்து வைத்தார்.

வெளியே வந்ததும் மச்சான், "இத்தன நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று சத்தம் போட்டார். மனைவி, "இதச் சொல்றதுக்குக் கோயில்தான் கெடச்சிச்சா?" என்றாள். இரண்டும் நியாயமான கேள்விகள். இந்தத் தடவை நான் நழுவவில்லை.

மச்சான் இன்னும் எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. நான் போனால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். அவருக்காக ஜெபிக்கிறேன், போய்க்கொண்டும் இருக்கிறேன். சண்டை வராத வழி கேட்டேன். ஆண்டவர் சண்டைக்கு நடுவில் நிற்கக் கால் கொடுத்தார்.

என் வகைக்காரர்கள் இங்கேயும் இருப்பீர்கள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே அவரிடம் கேளுங்கள். எனக்கே கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

ஜெனிட்டா பயிற்சியிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது நானே மீன் குழம்பு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள். என் முகத்தைப் பார்த்து, "நல்லாவே இல்லப்பா" என்றாள்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.