நிற்க ஏலாத சாடி

பழம்புளியும் கடலுப்பும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் நான் அப்படியே நின்றுவிடுவேன். போர்க்காலத்தில், அன்புவழிபுரத்து வீட்டுக் கிணற்றடியில், பாதி உடம்பு மணலுக்குள் புதைந்திருந்த ஒரு சாடியின் வாசனை அது. மூதூர்க் காசிம் நானாவின் மீன்வலையில் அகப்பட்டு, சிப்பி ஒட்டி, இரண்டு காதும் கூரான அடியுமாக இருந்ததை, பழசு என்றால் உயிரை விடும் என் அப்பாவுக்கு அவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

அப்பா அலுமாரியிலிருந்து ஒரு சரித்திரப் புத்தகத்தை இழுத்தெடுத்து, உரோமாபுரிக் கடையொன்றின் படத்தைக் காட்டினார்: இதே மாதிரிச் சாடிகள் மணலில் வரிசையாக ஊன்றியிருக்க, ஒருவன் அகப்பையால் திராட்சை மது மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் சாடியின் காதடியில் குயவனின் பெருவிரல் பதிந்திருந்தது. பின்னேரங்களில் அப்பா அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துக்கொண்டு, அவன் என்ன சாப்பிட்டிருப்பான், அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கதைப்பார். “நிக்க ஏலாத சாடி எதுக்கு? படுத்துக் கிடக்க நீங்கள் ஒருத்தர் போதாதே?” என்று அம்மா சிரிப்பார். பிறகு அவரேதான் அதில் உப்புப்புளி போட்டு வைத்தார்.

மாரிமழையில் மணல் இளகிச் சாடி சரிய, அப்பா முருங்கையடியில் புதிதாகக் கிடங்கு வெட்டி அதை நட்டார். அந்த நாட்களில் யாராவது வளவுக்குள் புதுமண் கிளறுவார்களா, ஆயுதம் புதைத்ததாகத்தானே நினைப்பார்கள்? மறுநாள் காலையே “ரவுண்டப்” என்று ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. சாடியைச் சுற்றிக் கிளறிய மண்ணைக் கண்ட சிப்பாய்கள் அப்பாவையே தோண்ட வைத்தார்கள். கூரான அடி வெளியே வந்ததும், ஷெல் குண்டு என்று நினைத்துத் துவக்குகளை நீட்டினார்கள். அம்மா ஓடிப்போய் உள்ளே கையை விட்டு, ஒரு பிடி புளியை அள்ளித் தன் வாயில் போட்டார். “புளி ஐயா, கறிக்குப் போடுற புளி!”

அதிகாரி நம்பவில்லை. மண்வெட்டியைக் காட்டி, “உடை” என்றான்.

அப்பா உடைக்கவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி, அந்த விரலடையாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு அண்ணனை விசாரிக்கவென்று கூட்டிப்போய், அவர் திரும்பி வராத காலம். ஒரு சிப்பாய் அப்பாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். கடவுளே, உடையுங்கோ அப்பா என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா மண்வெட்டியைப் பறித்து ஒரே போடாகப் போட்டார். உள்ளே புளியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. காலால் கிளறிப் பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

அப்பா குந்தியிருந்து, விரல் பதிந்த துண்டைத் தேடத் தொடங்கினார். அதைக் கண்டபிறகுதான் அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. “நீங்கள் சாடியைப் பாத்தீங்கள். நான் உங்களைப் பாத்தனான்.” அதற்குப் பிறகு அவர்களுடைய எந்தச் சண்டையும் அந்தச் சொல்லில்தான் முடியும். அப்பா ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை.

இடம்பெயர்ந்ததில் வீடும் போய், முருங்கையும் போய், பொறுக்கி வைத்த துண்டுகளும் எங்கே போயினவோ தெரியாது. காசிம் நானாவையும் பிறகு காணவில்லை. இந்த வருடம் அம்மாவும் போய்விட்டார். அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், சோற்றில் புளிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்த அப்பா, ஒருவரும் கேட்காமலே சொன்னார்:

“அவ சொன்னது சரி, பிள்ளை. நான் சாடியைத்தான் பாத்தனான்.”

நான் குசினி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.