நீங்கள் சுரண்டிய நாய்ப் பொம்மை

அந்த நாயைக் கெடுத்தது நீங்கள்தான். என்னிடம் கொடுத்தவள் கெடுக்கவில்லை, எண்ணூர்க் காற்றும் கெடுக்கவில்லை. கண்காட்சிக்கு என்று இரவல் வாங்கிப் போனீர்கள். யாரையும் கேட்காமல் சுரண்டினீர்கள். பிறகு விளக்குப் போட்டு நிற்க வைத்து, வந்தவர்களிடம் பெருமை பேசினீர்கள். எனக்கு நைஸாக எழுத வராது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை செய்தேன். வீடு ராயபுரம். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் காயலாங்கடைகளில் நுழைந்துவிடுவேன். கயிறு கட்டி இழுக்கிற பழைய மரப் பொம்மைகள்தான் எனக்கு வேண்டும். வாத்து, யானை, ரயில் இன்ஜின், தலையாட்டும் குதிரை. வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாடு போன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களோடு சில வரும். கப்பல்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை சில. எங்கள் பக்கத்து ஆட்களே செய்தவை சில. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். என்னைப் பார்த்தாலே, "ஒரு ஷெட் போட்டுருங்கம்மா, எல்லா வண்டிக்கும் எஃப்.சி. காட்டணும்லா" என்பார். சிரிக்காமல் சொல்வார்.

எந்தப் பொம்மை எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுப்பேன். பொம்மைக் கம்பெனியில் செய்த வாத்து சீராக நொண்டும். அதன் சக்கரத்தில் ஓட்டையை வேண்டுமென்றே நடுவிலிருந்து தள்ளிப் போட்டிருப்பார்கள், ஆடி ஆடி நடக்கட்டும் என்று. வீட்டில் செய்த வாத்து கண்டபடி நொண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கோபம். நூல் சுற்றிய கட்டையை அறுத்துச் சக்கரம் போட்டிருந்தால் மெல்லிய சத்தம் வரும். கப்பல் சரக்குப் பெட்டியின் பலகை என்றால் பழைய ஆணி ஓட்டை எங்காவது இருக்கும். மூக்கருகில் வைத்தால் பலகைக்குள்ளிருந்து இன்னொரு ஊரின் மழை வாசம் வரும். எந்த ஊர் என்று தெரியாது.

லீவு நாள் மத்தியானத்தில் எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன். ஹார்பரில் கப்பல் ஊதும். வெளியே கன்டெய்னர் லாரி போகும், தரை லேசாக நடுங்கும். அரைத் தூக்கத்தில் பார்த்தால் வாத்து கொஞ்சம் நகர்ந்திருக்கும். யானை கதவுப் பக்கம் திரும்பியிருக்கும். எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு படி இறங்கி, லாரிகளுக்கு நடுவில் புகுந்து, கடலோரமாகவே எண்ணூர் வரை உருண்டு போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

ரப்பர் கம்பெனியில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரி, மீன்பிடிக்கிற குடும்பம். என் கூத்தைக் கேட்டுவிட்டு, "எங்க வூட்லயும் ஒரு நாயி கீதுக்கா, வந்து பாரு" என்றாள். போனேன். அன்றைக்கு அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் இருந்தது. வெயில் பால் மாதிரி வெளுத்து, முகத்துவாரத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவளுடைய சின்ன மகள் ஈர மணலில் நாயை இழுத்துக்கொண்டு வந்தாள். வெளிச்சத்துக்குள்ளிருந்து முதலில் கயிறு வந்தது, அப்புறம் பிள்ளை வந்தது, கடைசியாக நாய் வந்தது.

அப்படி ஒரு பொம்மையை நான் பார்த்ததில்லை. உடம்பு முழுக்கப் பெயின்ட் தடித்துப்போய்க் காது இரண்டும் மொழுக்கென்று உருண்டிருந்தன. மூக்கு எது, வாய் எது என்று தெரியாது. அதை எந்தக் கம்பெனி செய்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு காதின் ஓரத்தில் பெயின்ட் உடைந்து, உள்ளே நிறம் நிறமாகக் கோடு தெரிந்தது. நகத்தை வைத்தேன். அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"நோண்டாதக்கா. அது போட்டு."

போட்டு என்று அவள் சொன்னது படகை. அப்புறம்தான் விவரம் சொன்னாள். அவர்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் படகைக் கழுவி, புதுப் பெயின்ட் அடித்துப் பொட்டு வைப்பார்கள். டப்பாவில் மிச்சம் இருப்பதை நாய்க்கு அடிப்பார்கள். அதுவும் சக்கரம் வைத்ததுதானே, அதற்கும் பூஜை உண்டு. படகு அந்த வருடம் என்ன நிறமோ நாயும் அதே நிறம். உடைந்த காதைக் காட்டிச் சொன்னாள்: "இந்த நீலம் கீது பாரு, பெரிய பொண்ணு பொறந்தப்போ. மஞ்ச, அண்ணன் தம்பி சேந்து போட்டு எறக்குனப்போ. இந்த செவப்பு கலீஜ் செவப்பு, அவருக்கே புடிக்கல. அதுக்குக் கீழ மாமனாரு அடிச்சது. அது எனக்குத் தெரியாது."

படகு இப்போது இல்லை. முகத்துவாரம் சாம்பலில் தூர்ந்து, மீன்பாடு போய், படகை விற்றுவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் அத்திப்பட்டுப் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். கடலைப் பற்றி அவர் பேசுவதே இல்லையாம். வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் நாயின் முதுகை ஒரு தடவை தடவிவிட்டுப் போவாராம். அந்த வீட்டுப் படகுகள் எல்லாம் மிஞ்சியிருந்தது அந்த நாயின் மேல்தான்.

நீங்கள் வந்தது அதற்குப் பிறகு. ராயபுரத்தில் ஒரு ஹாலில் பழைய பொம்மைக் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லி என் வீட்டுக்கு வந்தீர்கள். மரியாதையாகத்தான் பேசினீர்கள். என்னுடைய பொம்மைகள் போதாது என்று நாயையும் கேட்டீர்கள். அவளிடம் கேட்டேன். அவள் வீட்டுக்காரரிடம் கேட்டாள். எங்கள் படகை நாலு பேர் பார்க்கட்டும் என்றாராம் அவர். படகு நிறங்களின் கதையை உங்களிடம் நான் சொன்னேன். தலையை ஆட்டினீர்கள்.

கண்காட்சி தொடங்கிய அன்று அவள் நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிறிய மர நிறத்தில் ஒரு நாய் நின்றது. கூர்மையான காது, செதுக்கிய மூக்கு. வயிற்றில் அச்சுக் குத்திய வெளிநாட்டு எழுத்து. அவள் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டாள். ஹால் முழுக்கச் சுற்றி முடித்து என்னிடம் வந்தாள்.

"எங்க நாயி எங்கக்கா வெச்சிக்கிறாங்க?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஓடி வந்து உங்களைக் கேட்டேன். கோபப்படாதீங்கம்மா, இது ஜெர்மனியில் செய்த நாய், அருமையான பீஸ், உங்களுக்கே தெரியாமல் இருந்தது என்றீர்கள். "மேல வெறும் போட் பெயின்ட்தாம்மா. அதைத்தான் எடுத்தேன்" என்றீர்கள்.

ஜெர்மன் என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. நான் மறுக்கவில்லை. பத்தோடு பதினொன்றாய் ஏதோ ஒரு பட்டறையில் பிறந்த நாய் அது. ஆனால் அது வாழ்ந்தது எல்லாம் நெட்டுக்குப்பத்தில். வாழ்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிறந்ததை மட்டும் மிச்சம் வைத்தீர்கள். அதற்குப் பெயர் சுத்தம் செய்வதா?

அவள் கத்தவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, காதுக்கு அடியில் கட்டை விரலை வைத்துத் தேடினாள். ஒரு பொட்டு நிறம்கூட இல்லை. "இத்த எடுத்துகினு போயி அவராண்ட இன்னானு சொல்லுவேன்?" என்று என்னைத்தான் கேட்டாள். உங்களைக் கேட்கவில்லை.

நாய் இப்போது என் பரணில் துணி சுற்றிக் கிடக்கிறது. கண்காட்சி ஊர் ஊராகப் போகிறது என்று அவள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். நாய் எப்போது வரும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். மத்தியானத் தூக்கத்தில் எனக்கு அது வருகிறது. முகத்துவாரத்து வெளிச்சத்துக்குள்ளிருந்து கயிறு வருகிறது, பிள்ளை வருகிறது, நாய் வருகிறது. அதற்கு நிறமே இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கிறது.

நீங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது ஒவ்வொரு படகாக வெளியே வந்திருக்கும். அவளுக்குத் தெரிந்த நீலம், மஞ்சள், சிவப்பு. அப்புறம் அவளுக்கே தெரியாத மாமனார் காலத்து நிறங்கள். அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான். என்னிடம் தனியாக வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அதே ஹாலுக்கு வாருங்கள். அவரிடம் உண்மையை நானே சொல்லிக் கூட்டிவருகிறேன். அவரும் அவளும் முன்வரிசையில் உட்காருவார்கள், குப்பத்து ஜனமும் வரும். மைக்கைப் பிடித்து எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள்: யாரைக் கேட்டுச் சுரண்டினீர்கள்? மேலிருந்து கீழே, என்னென்ன நிறம் வந்தது?