பதில் கேட்கும் மடை

இதில் ஒரு சொல்கூட என் கற்பனை இல்லை. இரணியலுக்கு வந்தால் அந்த வயலையே காட்டுவேன். ஆனால் அங்கே யார் கூப்பிட்டாலும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

என் கூட்டாளி சிவபிரசாத்துக்குத் துனிசியாவில், பாலைவன நடுவில் உள்ள ஒரு சோலையூரில் பம்பு மாட்டும் வேலை. விடுமுறைக்கு வந்தவன் போனில் ஒரு கிழவரின் குரலைப் பதிந்து வந்திருந்தான். அவர் பேசியது வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழிகளில் மிகச் சிறிய ஒன்று. அதைப் பேச அவர் ஒருவர்தான் மிச்சம்.

அங்கும் வயலுக்குத் தண்ணீர் விட நம் ஊர் முறைதான். மேல்மடையில் நிற்பவன் கூப்பிடுவான். கீழ்மடையைத் திறந்தவன் பதில் குரல் கொடுப்பான். அதன்பிறகே மேலே மடைப் பலகையைத் தூக்கலாம். முந்தினால் வரப்பு உடையும். அங்கே கூடுதலாக ஒன்று உண்டு. பதில் வந்ததும் கூப்பிட்டவன் வீட்டுக்குப் போய்விடலாம். அடுத்து மேல்மடையில் நிற்க வேண்டியவன் பதில் சொன்னவன்.

பம்பு வந்தது. வாய்க்கால் வறண்டது. பதில் சொல்லத் தெரிந்தவர்கள் செத்துப்போனார்கள். கிழவர் மட்டும் தினமும் நின்று கூப்பிடுவாராம்.

"பாவம்லா?" என்றேன்.

"என்ன பாவம்? நாங்க நிண்ணு சிரிப்போம். ஒருநாள் நான் ஆடு மாதிரி கத்திக் காட்டுனேன். கிழவரு அழுதிட்டாரு மக்கா!"

அன்று மாலை அவன் வயலுக்குத் தண்ணீர் முறை. அவன் கீழ்மடைக்குப் போனான். நான் மேல்மடையில், அவன் போனோடு.

"ஏலே, நீ கூப்பிடாண்டாம். கிழவரப் போடு!" என்று கீழிருந்து கத்தினான்.

போட்டேன். மணி ஐந்து நாற்பது. குரல் இழுத்து, ஏறி, சட்டென்று அறுந்தது.

மடையில் குரல் கேட்டால் எங்கள் ஊர்க்காரன் வாய் தானாகத் திறக்கும்.

"ஓய்ய்!" என்றான் சிவபிரசாத்.

பதிவு முடிந்தது. திரை அணைந்தது.

குரல் மறுபடி கேட்டது...

போனிலிருந்து இல்லை. என் பின்னால். வாய்க்காலின் முழங்காலளவுத் தண்ணீருக்குள்ளிருந்து...

கீழ்மடையிலிருந்து நீளமாகப் பதில் வந்தது. அவன் குரல்தான். தமிழ் இல்லை.

அதற்குப் பிறகு அவனுக்குத் தமிழ் வரவே இல்லை. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. அவன் மனைவி அஞ்சலி முகத்தைப் பிடித்துக் கெஞ்சுவாள். "எனக்க பேர ஒருக்க சொல்லுங்க."

மாலையானால் வாசலில் நின்று கூப்பிடுவான். காத்திருப்பான். தெருப்பையன்கள் ஆடு மாதிரி கத்தினார்கள்.

"நீ மட்டும் பதில் சொல்லிராத," என்றேன் அஞ்சலியிடம்.

"ஒருத்தரும் கேக்காம நிக்காரே அண்ணா..."

ஒரு மாலை அவளால் பொறுக்க முடியவில்லை. "ஓய்" என்றாள்.

சிவபிரசாத் சிரித்தான். அப்படியே சரிந்தான். மூச்சில்லை.

இப்போது கூப்பிடுவது அஞ்சலி.

அவனோடு வேலை செய்த ஜெபிஷ் பிறகு போனில் சொன்னான். கிழவர் வாய்க்காலிலேயே, சிரித்தபடி செத்துக் கிடந்தாராம். நாங்கள் மடையில் பதிவைப் போட்ட அதே நாள். அங்கே பகல் ஒன்று பத்து.

துனிசியா நமக்கு நாலரை மணி நேரம் பின்னால்.

அவர்கள் மகள் ஆதிராவுக்கு நான்கு வயது. அஞ்சலி கூப்பிடத் தொடங்கிய அன்றே அவளைக் களியக்காவிளையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரணியலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். எந்தக் குரலும் எட்டாது.

நேற்று மாலை விளையாடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மாமா, அம்ம கூப்பிடுகா... பதில் சொல்லட்டா?"