இருபது ரூபாயில் ஒரு கடல்

நேற்றுக் கல்முனைச் சந்தையில் மிச்சக் காசாக ஒரு இருபது ரூபாய்த் தாள் கிடைத்தது. துறைமுகமும் பக்கத்தில் ஓர் ஆந்தையும். ஆந்தையைக் காசில் போடும் துணிச்சல் நம் நாட்டுக்குத்தான் வரும் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீடு வரை கூட வரவில்லை.

தொண்ணூறுகளின் இருபது ரூபாய் உங்களுக்கு ஞாபகமிருக்கும். முன்பக்கம் பறவை முகமூடி, பின்பக்கம் சிப்பியும், கடலில் நட்ட கம்பில் குந்தி மீன் பிடிப்பவர்களும். உருவம் இருக்கும் வீட்டுக்கு வானத்திலிருந்து மலக்குகள் இறங்கி வராது என்பது உம்மாவின் பயம். "காசில்லாத ஊட்டுக்கு மட்டும் வருமாக்கும்" என்று வாயாடி, கன்னத்தில் வாங்கியிருக்கிறேன். முகமூடி உள்ளே போகும்படி ஒவ்வொரு தாளையும் மடித்து, மாசிக் கருவாடு வைக்கும் தகரத்தில் போடுவார். மீன்காரர்களும் உருவம்தானே என்றால், "அவங்கட மூஞ்சி தெரியல்லதானே" என்பார். அந்த மாசி வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது.

வாப்பாவுக்குத் தொழில் கரையில் நின்று இழுக்கும் கரைவலை. சண்டைக் காலம், கடலில் இறங்கத் தடை; ராணுவம் யாருக்கும் பாஸ் கொடுக்கவில்லை. வலை மாதக்கணக்கில் சுருட்டியபடியே கிடந்து உக்கியது. ஒருநாள் அரிசி வாங்க உம்மா நீட்டிய தாளில், மடிப்புக்கு வெளியே தெரிந்த மீன்காரர்களையே வாப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவனுகளுக்கு ஆரு புள்ள பாஸ் குடுத்த?"

"அல்லாவுக்காக வம்புக்குப் போகாதீங்க" என்றார் உம்மா.

கேட்டாரா மனிசன்! எனக்குக் கொஞ்சம் சிங்களம் வரும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு நேரே ராணுவ முகாமுக்குப் போனார். தாளை விரித்து, "படத்தில இரிக்கிறவன் மீன் புடிக்கிறான். நாங்க இந்த நாட்டு ஆக்கள் இல்லியா எண்டு கேளு" என்றார். சிங்களத்தில் கேட்டேன். அதிகாரி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தாளை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது தெற்குக் கடல்" என்றார்.

அதை நான்தான் வாப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த கிழமை வலையைத் துண்டு துண்டாக வெட்டி, தோட்டக்காரர்களுக்கு வேலி கட்டக் கொடுத்துவிட்டார்.

"கடல் ஒருநாளைக்குத் தொறக்கும்தானே வாப்பா?"

"தொறக்கட்டும் மனே. காசிலயே நாம இல்ல, கடல்லயா இரிக்கப்போறம்?"



கடல் திறக்கத்தான் செய்தது. ஆனால் வலை இழுக்க ஊரே வரிசையாக நின்ற மணலை அலை தின்றுவிட்டது. அங்கே இப்போது பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது. அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தவர்களின் பிள்ளைகள் கட்டாரில் இருக்கிறார்கள். கடலில் இறங்காத நாளில் சோறு இறங்காது என்றிருந்த வாப்பா, மௌத்தாகிக் கண் மூடும்வரை ஐஸ் பெட்டிக்காரனிடம் மீன் வாங்கித்தான் தின்றார்.